நான்காம் குழு

இருபத்தொன்பதாம் கூண்டில் எலி இல்லை. ஆனால் அதன் புட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது.

கசிவாக இருக்கும் என்று நினைத்தாள். கண்ணாடிப் புட்டியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, குழாய் முனையில் இருக்கும் சின்ன எஃகுக் குண்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். குண்டு தன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அழுத்தினால் ஒரு சொட்டு, விட்டால் ஒன்றுமில்லை. கூண்டுக்குக் கீழே விரித்திருந்த காகிதம் காய்ந்து கிடந்தது. புட்டியில் மிச்சமிருந்ததை அளவுக் குடுவையில் ஊற்றினாள். நூற்றுப் பத்து மில்லி. நேற்று ஊற்றியது இருநூற்றைம்பது. அப்படியானால் போனது நூற்று நாற்பது.

பதிவேட்டைப் புரட்டினாள். இருபத்தொன்பதுக்கு எதிரே, வியாழக்கிழமைக் கட்டத்தில், அவள் கையெழுத்தில் நூற்று நாற்பது என்று இருந்தது. அந்த எண்ணை அவள் திங்கட்கிழமையே எழுதி வைத்திருந்தாள்.

அந்த அறை ஆராய்ச்சிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. காலை ஏழு மணிக்கு அங்கே விளக்கு அணையும், மாலை ஏழு மணிக்கு எரியும். எலிகள் இருட்டில்தான் தின்னும், குடிக்கும், ஓடியாடும்; பகலில் வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டுமே என்று அவற்றின் இரவையும் பகலையும் மாற்றிப் போட்டிருந்தார்கள். அதனால் வெளியே வெயில் கொளுத்தும் மத்தியானத்திலும் உள்ளே கதவருகில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். எலி மூத்திரத்தின் காரமும், முட்டை வெள்ளைக்கருப் பொடியில் பிசைந்த தீனியின் பச்சை வாடையும், காற்றுக் குழாயின் ஓயாத உறுமலும் சேர்ந்து, உள்ளே போனவுடன் காதையும் மூக்கையும் பஞ்சு வைத்து அடைத்தாற்போல் ஆகிவிடும்.

சர்க்கரை நோயும், சாப்பாட்டில் துத்தநாகக் குறைவும் ஒரே உடம்பில் சேர்ந்தால் அந்த உடம்பின் நொதிகள் என்ன ஆகின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. துத்தநாகம் துளி அளவுதான் தேவை. அந்தத் துளி இல்லையென்றால் சில நொதிகள் இருந்தும் இல்லாத மாதிரிதான். முப்பத்திரண்டு வெள்ளை எலிகள், எட்டு எட்டாக நான்கு குழு. முதல் குழுவுக்கு எல்லாம் உள்ள தீனி. இரண்டாம் குழுவுக்குத் துத்தநாகம் நீக்கிய தீனி. மூன்றாம் குழுவுக்கு ஊசி போட்டுச் சர்க்கரை நோயை வரவழைத்தாயிற்று. நான்காம் குழுவுக்கு இரண்டும்.

நான்காம் குழு பார்க்கச் சகிக்காது. கண்ணைச் சுற்றி முடி கொட்டி, வாயோரம் வெடித்து, வெளிச்சத்தைக் கண்டால் சுருண்டுகொண்டு, எந்நேரமும் குழாயை நக்கிக்கொண்டிருக்கும். சாதாரண எலி நாளுக்கு முப்பது மில்லி குடித்தால் இவை நூற்றைம்பது குடிக்கும். ஒரு நாள் புட்டியை நிரப்பாவிட்டால் மறுநாள் வறண்டுவிடும். எஃகுக் குண்டு நாக்கில் பட்டு உருளும் அந்த டிக் டிக் சத்தம் எட்டுக் கூண்டிலிருந்தும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்.

ஐந்தாம் வாரத்தோடு அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது. அதை நிறுத்தியவள் அவள்தான்.

காரணமென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. காய்ச்சல் இல்லை, யாருக்கும் உடம்புக்கு முடியாமல் போகவில்லை. இரண்டு நாள் விடுமுறை. எலிகளைப் பார்த்துக்கொள்கிறவர் எப்போதும் விடுமுறை நாளிலும் வந்து தண்ணீர் வைப்பார். அந்த முறை தன் மனைவியின் ஊருக்குப் போக வேண்டும் என்று அவளிடம்தான் வாய்வார்த்தையாகக் கேட்டார்.

"ரெண்டே நாள், டாக்டரம்மா. மாப்பிள்ளைங்களை நீங்க பாத்துக்கிடுவீங்கல்ல?"

"போய்ட்டு வாங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

எலிகளை அவர் மாப்பிள்ளைகள் என்றுதான் சொல்வார். வேளாவேளைக்குச் சாப்பாடு, படுக்கை, ஒரு வேலை கிடையாது, அதிலும் தீனியில் குறை சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், மாப்பிள்ளை இல்லாமல் வேறென்ன என்பார். அதனால் கட்டடம் முழுக்க அவருக்கு மாமனார் என்றே பெயராகிவிட்டது. இன்னும் பட்டம் வாங்காத அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்ட ஒரே ஆளும் அவர்தான்.

முதல் நாள் மழை பெய்தது. போர்வைக்குள் கிடந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போக வேண்டும் என்று நினைத்தாள். ஒரு நாள் தாங்கும் என்று நினைத்தாள். இரண்டாம் நாள் மழைகூட இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து என்று சாயங்காலம் வரை தள்ளிப்போட்டு, அப்புறம் நாளை விடியற்காலையே போய்விடலாம் என்று புரண்டு படுத்தாள். விடியற்காலையில் போனபோது நான்காம் குழுவின் எட்டும் குழாயில் வாயை வைத்தபடியே விறைத்துக் கிடந்தன. மூன்றாம் குழுவின் புட்டிகளும் வறண்டிருந்தன; ஆனால் அவற்றின் உடம்பில் துத்தநாகம் இருந்தது, சோர்ந்து கிடந்தாலும் தாங்கியிருந்தன.

எட்டையும் ஒரு கறுப்புப் பையில் போட்டு உறைபெட்டியின் அடியில் தள்ளினாள். பதிவேட்டில் அவை தொடர்ந்து உயிரோடிருந்தன. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாரம் முழுவதற்குமான எடையையும் தின்ற தீனியையும் குடித்த தண்ணீரையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவாள். காலிக் கூண்டுகளில் புட்டிகளை நிரப்பி மாட்டி வைத்தாள். அவளுடைய பேராசிரியைக்கு எலி முடி பட்டால் மூச்சு முட்டும். அவர் முன்னறையில் இருக்கும் பதிவேட்டைப் பார்ப்பாரே தவிர உள்ளே வரமாட்டார். உள்ளே வருகிற ஒரே ஆள் மாமனார். வந்தார், எட்டுக் கூண்டையும் பார்த்தார், குழாய்களில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்தார். ஈரத்துணியால் அதைத் துடைத்தார். அன்று முழுவதும் அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

அடுத்த வாரம் உறைபெட்டியைச் சுத்தம் செய்தவர்கள் கையில் அந்தப் பை சிக்கியது.

"யாரோட எலி இது?" என்று பேராசிரியை முன்னறையில் நின்று கேட்டார். அவளும் இருந்தாள், மாமனாரும் இருந்தார்.

"உபரி எலிங்க மேடம்," என்று அவள் வாய் சொன்னது. உள்ளே பக்கத்து அறையில் உபரி எலிகள் எப்போதும் சில இருக்கும். அவற்றுக்கு முழுப் பொறுப்பு மாமனார். "அந்த விடுமுறை ரெண்டு நாளும் அண்ணன் வரலை. தண்ணி இல்லாம செத்துப்போச்சு போல."

"லீவு லெட்டர் குடுத்திருக்கீங்களா?" பேராசிரியை அவர் பக்கம் திரும்பினார்.

அவர் கொடுத்திருக்கவில்லை. அவளை ஒருமுறை பார்த்தார். அந்தப் பையில் இருந்தவற்றுக்குக் கண்ணைச் சுற்றி முடி இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் காது மடல் எரிந்தது, கழுத்து எரிந்தது, தரையின் ஒரு கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சொல்லவில்லை. பதினேழு வருட வேலை அன்று மத்தியானத்தோடு முடிந்தது. சாவியை அவள் கையில் கொடுத்தபோது மட்டும் மெதுவாகச் சொன்னார்:

"மாப்பிள்ளைங்களுக்கு மறக்காம தண்ணி வச்சிடுங்க, டாக்டரம்மா."

அது திங்கட்கிழமை. வியாழக்கிழமைதான் இருபத்தொன்பதாம் கூண்டில் தண்ணீர் குறைந்திருந்தது.

அன்று மற்ற ஏழு புட்டிகளையும் அளந்தாள். நூற்று முப்பத்தைந்து. நூற்றைம்பது. நூற்று நாற்பத்திரண்டு. அவள் மனம்போனபடி எழுதிய எண்கள், ஒரு மில்லிகூடப் பிசகாமல்.

அடுத்த வாரம் காகிதம் நனைய ஆரம்பித்தது. கம்பி வலைத் தரையின் கீழே விரித்த வெள்ளைக் காகிதத்தில் காலையில் மஞ்சள் வட்டங்கள் இருந்தன. அழுகத் தொடங்கிய பழத்தின் இனிப்பு வாடை. சர்க்கரை பார்க்கும் தாள்பட்டையை அதன்மேல் வைத்தாள். தொட்டவுடன் அது கறுத்தது. அவள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். வீட்டுக்கு வந்த பிறகும் கழுவினாள்.

"என்னடி, தோலை உரிச்சிடப் போறியா?" என்று சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். அவள் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தாள். "பக்கத்து வீட்டுல சொல்லிட்டிருந்தேன், என் தங்கச்சி சக்கரை வியாதிக்கு வழி கண்டுபிடிக்கறான்னு. அவங்க மாமியாருக்கு ஏதாச்சும் சொல்லணுமாம்."

"சும்மா இரு அக்கா. ஊரெல்லாம் சொல்லாதே."

"ஏன், பெருமையைச் சொல்லிக்கக்கூடாதா?"

அவள் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

பிறகு சத்தம் வந்தது. முதல் நாள் அவள் அதைக் காற்றுக் குழாயின் சத்தத்தோடு சேர்த்துக்கொண்டாள். முதல் மூன்று குழுவின் எலிகளும் அப்போது இருந்தன, அவையும் குடிக்கும், அவற்றின் சத்தமாக இருக்கும். ஆனால் அது அறையின் கடைசி வரிசையிலிருந்து வந்தது. அவள் அந்தப் பக்கம் நடந்தால் நிற்கும், திரும்பி நடந்தால் முதுகுக்குப் பின்னால் மறுபடி தொடங்கும். டிக். டிக் டிக். மற்ற எலிகள் எல்லாம் தங்கள் கூண்டின் எதிர்மூலையில் ஒண்டிக்கொண்டு, மீசைகூட அசையாமல், அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தன.

இதை யாரிடம் சொல்வது? செத்த எலி தண்ணீர் குடிக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் எலி செத்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

எட்டாம் வாரம் கடைசி வாரம். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளில் மூன்று குழுவையும் மயக்கிக் கொன்று, கல்லீரலை எடுத்து, அரைத்து, நொதிகளின் வேலையை அளந்தாள். துத்தநாகம் இல்லாதவற்றில் அளவு விழுந்திருந்தது. சர்க்கரை நோய் உள்ளவற்றிலும் மாறியிருந்தது. உண்மையான எண்கள். அவற்றைப் பார்க்கும்போது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நான்காம் குழுவின் முறை திங்கட்கிழமை. அன்றைக்கு அந்த அறையில் போய் ஒன்றுமில்லாததைக் கொல்வதுபோல் நடிக்க அவளால் முடியாது என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை மாலையே உட்கார்ந்து, திங்கட்கிழமைத் தேதியைப் போட்டு, எட்டுக் கல்லீரலின் எடையையும் எட்டு நொதி அளவையும் எழுதி முடித்தாள். மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவாக எழுதினாள். அப்படித்தான் இருக்கும் என்று பேராசிரியை முதலிலிருந்தே எதிர்பார்த்தார்.

எழுதி முடித்தபின் ஒன்று செய்தாள். ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசி வாரம் என்பதால் தண்ணீர்க் கட்டங்களை வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நிரப்பியிருந்தாள். அன்றைய கட்டத்தில் திங்கட்கிழமையே எழுதியிருந்த எண்களை அடித்துவிட்டு, எட்டிலும் பூஜ்யம் போட்டாள்.

உள்ளே போய்ப் பார்த்தாள். புட்டிகள் முழுதாக இருந்தன. காலையிலிருந்து ஒரு மில்லி குறையவில்லை. ஆனால் குழாய்கள் அதிர்ந்துகொண்டிருந்தன. எட்டுக் குண்டும் விடாமல் உருண்டன. நக்குகிறது, இறங்கவில்லை. நக்குகிறது, இறங்கவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை கைபேசி அடித்தது. தெரியாத எண், ஒரு பெண் குரல்.

"டாக்டரம்மாதானே? நான் அவரோட வீட்டுக்காரிம்மா. உங்ககூட வேலை பாத்தாரே, எலிக்கூண்டு பாத்துக்கிடுவாரே."

"சொல்லுங்கக்கா."

"ரெண்டு வாரமா அவருக்கு உடம்பு சரியில்லம்மா. தண்ணி தண்ணின்னு குடம் குடமா குடிக்கறார். சக்கரைன்னு டாக்டர் மாத்திரை குடுத்தார், எதுக்கும் அடங்கலை. நேத்து பாருங்க, வாய்ல தண்ணியை ஊத்தினா தொண்டையில இறங்கவே இல்ல. அப்படியே வெளிய வருது. நாள் முழுக்க நாக்கைத் தள்ளிக்கிட்டு தவிச்சுப்போய்ட்டார். உங்களைக் கேக்கச் சொன்னார்."

"என்ன கேக்கச் சொன்னார்?"

"ஏன் தண்ணி வைக்கலைன்னு கேக்கச் சொன்னார். எனக்கு ஒண்ணும் புரியலம்மா. ஜுரத்துல உளர்றாரோ என்னவோ."

அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஆராய்ச்சிக் கட்டடத்துக்கு ஓடினாள். எட்டுப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் சனிக்கிழமைக் கட்டத்தில் நூற்றைம்பது, நூற்றைம்பது என்று எழுதினாள். உள்ளே தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. நேராக அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று அன்று முழுவதும் அக்கா வீட்டில் தன் அறையில் படுத்துக் கிடந்தாள்.

ஞாயிறு காலைதான் போனாள்.

மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை வீடு. ஜன்னலில் கனத்த துணியை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். வாசலில் குடங்கள் வரிசையாக இருந்தன. அவர் மனைவி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வேலை செஞ்ச இடத்துலேருந்து நீங்க ஒருத்தர்தாம்மா வந்து பாக்கறீங்க. ஆள் குறைக்கறாங்கன்னு நிறுத்திட்டாங்களாமே, அதைச் சொல்லும்போதும் டாக்டரம்மா தங்கமான பொண்ணுன்னுதான் சொல்வார்."

மனைவியிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. பிடிபட்டிருந்த கையை உருவிக்கொள்ள முடியாமல் நின்றாள்.

"நேத்து காலையிலேருந்து பரவால்லம்மா. தண்ணி இறங்குது," என்று அந்த அம்மாள் உள்ளே கூட்டிப்போனாள். "வெளிச்சம் மட்டும் ஆகலை. கண்ணு கூசுதுன்னு கத்தறார்."

உள்ளே அந்த இனிப்பு வாடை இருந்தது. சுவரோரம் பாயில் குறுகி உட்கார்ந்திருந்தார். தலையில் திட்டுத்திட்டாக முடி போயிருந்தது. புருவம் இல்லை. இமை மயிரும் இல்லை. வாயின் இரண்டு ஓரமும் வெடித்து, காய்ந்து, மறுபடி வெடித்து, உதடு காதை நோக்கிக் கொஞ்சம் நீண்டுவிட்டாற்போல் இருந்தது. அவளைப் பார்த்ததும் அந்த வாய் சிரிக்கப் பார்த்தது.

"வாங்க, டாக்டரம்மா."

"அண்ணே..."

"வெள்ளிக்கிழமை ஏன் தண்ணி வைக்கலை?"

அவள் அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாள் குடத்தை எடுக்க வெளியே போயிருந்தாள். சொல்லிவிட வேண்டும். இப்போது. இந்த நிமிடம்.

"அண்ணே, நான்... அன்னைக்கு மேடம்கிட்ட நான்..."

வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிட்டது. வெட்கம் என்பது கன்னம் சிவப்பது இல்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அது தொண்டையைப் பிடிக்கிற ஒரு கை.

"விடுங்கம்மா," என்றார் அவர். "அது தெரிஞ்சதுதான். நாளைக்குன்னு எழுதியிருக்கீங்களே, அதைச் சொல்லுங்க." சட்டையைத் தூக்கினார். வலப்பக்க விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேருந்து இங்க ஒரு மாதிரி இழுத்துப் பிடிக்குது. நாளைக்கா?"

அவள் எழுந்து ஓடினாள். வாசலில் குடம் ஒன்று தட்டிக் கவிழ்ந்தது. பின்னால் அவர் மனைவி ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள்.

ஆராய்ச்சிக் கட்டடத்தை அடைந்தபோது மணி இரண்டு. வெளியே வெயில். ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஆள் இல்லை. முன்னறையில் பதிவேடு இருந்தது. திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்து, கல்லீரல் எடையை எல்லாம் கோடு போட்டு அடித்தாள். கோட்டுக்கு அடியில் எண்கள் தெரிந்தன. மேலும் அடித்தாள். தாள் கிழிந்தது. பின்பக்கத்தில் எண்கள் புடைத்துத் தெரிந்தன.

உண்மையை எழுதிவிடலாம். இருபத்தைந்து முதல் முப்பத்திரண்டு வரை, ஐந்தாம் வாரம், தண்ணீர் வைக்காததால், என்னால். அதுவரை எழுதினாள். அடுத்த வார்த்தை 'இறந்தன'. பேனா தாளைத் தொட்டது. எடுத்துவிட்டாள். அவள் எழுதியதெல்லாம் எங்கே போய் நடக்கிறது என்று இப்போது தெரியும். இந்த வார்த்தை எங்கே போய் நடக்கும்?

பேராசிரியைக்கு போன் செய்தாள். நான்கைந்து முறை மணி ஒலித்த பின் எடுத்தார்.

"மேடம், நாலாவது குழுவைப் பத்தி..."

"பாத்தேன், பாத்தேன். வெள்ளிக்கிழமை நீ போனப்புறம் பாத்தேன். பிரமாதமா வந்திருக்கு! அந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து மாநாட்டுக்கு அனுப்பிட்டேன்."

"மேடம், அது..."

"தேதி நாளைக்குன்னு போட்டிருக்கே. நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன்." குரல் தணிந்தது. "நாளைக்கு எடுத்து முடிச்சிடு. சரியா?"

மறுமுனையில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொன்னால்கூட நிறுத்திவிடலாம்.

"சரி மேடம்," என்றாள்.

கைபேசியை வைத்துவிட்டு, தன் வாய் மறுபடியும் என்ன சொன்னது என்று கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உப்பும் உலோகமும் நீக்கிய தண்ணீர் இருக்கும் இருபது லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு உள்கதவைத் திறந்தாள். செய்யத் தெரிந்த வேலை அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

சிவப்பு இருட்டு. முப்பத்திரண்டு கூண்டு, முப்பத்திரண்டும் காலி. முதல் மூன்று குழுவின் கூண்டுகளை அவளே கழுவிக் கவிழ்த்திருந்தாள். அந்த அறையில் உயிரென்று இருந்தது அவள் மட்டும். காற்றுக் குழாயின் உறுமல் எப்போதும்போல் இருந்தது; அது திடீரென்று ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியபோது, நின்ற அந்த நொடியில் கடைசி வரிசை முழுவதும் மூச்சு வாங்குவது அவளுக்குக் கேட்டது.

நடந்தாள். புட்டிகள் எட்டும் வறண்டிருந்தன. இருபத்தைந்தை நிரப்பி மாட்டினாள். இருபத்தாறு. இருபத்தேழு. அவசரத்தில் சிந்தி ரப்பர் காலணியெல்லாம் தண்ணீர். முப்பத்திரண்டை மாட்டிவிட்டுத் திரும்பினால் இருபத்தைந்தில் பாதி இல்லை.

டிக்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர்மட்டம் இறங்கியது. குமிழிகள் மேலே ஏறின. பெரிய குமிழிகள்.

டிக் டிக் டிக்.

மறுபடி ஊற்றினாள். மறுபடி காலி. பதிவேட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தை அவள் நிரப்பவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. எண் இல்லை. அளவு இல்லை. குடிக்கிறது. நிற்காமல் குடிக்கிறது. ஊற்றினாள். கேன் இலேசாகிக்கொண்டே வந்தது.

இருபத்தொன்பதின் புட்டியை நிரப்பிக் குழாயை வலைக்குள் நுழைத்தாள். கொக்கியில் மாட்டும் முன்பே எதுவோ குழாயைப் பிடித்தது.

நக்கவில்லை. பிடித்தது. இழுத்தது. புட்டி அவள் உள்ளங்கையோடு சேர்ந்து வலையில் மோதியது. குண்டு உருளும் சத்தம் நின்றுவிட்டது. வேறு சத்தம். மடக் மடக்கென்று. தொண்டைச் சத்தம்.

அந்த அறையில் வெள்ளை வெளிச்சம் கூடாது. இடது கையால் கைபேசியை எடுத்தாள். விரல் வழுக்கியது. எரிந்தது.

வலைக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்.

மனித வாய். ஓரம் இரண்டும் வெடித்து, காய்ந்து, மறுபடி வெடித்த வாய். உதடுகள் எஃகுக் குழாயைச் சுற்றி இறுக மூடியிருந்தன. ஒவ்வொரு விழுங்கலுக்கும் வெடிப்பு பிளந்து பிளந்து சேர்ந்தது. அதற்கு மேலே மூக்கு இல்லை. கண் இல்லை. கூண்டு ஒரு செருப்புப் பெட்டி அளவுதான். அதற்குள் வேறெதற்கும் இடமில்லை.

வெளிச்சம் பட்டதும் அது கூசிச் சுருங்கியது. குழாயை மட்டும் விடவில்லை.

அவள் வெளிச்சத்தை நகர்த்தினாள். முப்பதில் ஒன்று. முப்பத்தொன்றில் ஒன்று. எட்டிலும். அதே வாய்.

புட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வறண்டன. கேனைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விளிம்பில் தொங்கி, விழுந்தது. அவ்வளவுதான்.

எட்டு வாயும் குழாயை விட்டன. அவள் நின்ற பக்கம் திரும்பின. திறந்தன.